கொடுப்பவர் பத்துப் பேர், அளக்கும் படி ஒன்று

நூறு நாள் வேலைக்கான சட்டம் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2005-ல். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியாவிலும் ஏறக்குறைய அதே போன்ற ஒரு திட்டம் தொடங்கியது. வேலை நமக்குப் பழக்கமானதுதான்: சரிவில் கல் வரப்பு கட்டுவது, ஓடையில் தடுப்பு போடுவது, குட்டை வெட்டுவது, மரக்கன்று நடுவது. கூலி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். நம் மஸ்டர் ரோலுக்குப் பணம் டெல்லியிலிருந்து வந்தது. அவர்களுக்கு வாஷிங்டன், லண்டன், பிரஸ்ஸல்ஸ், டப்ளின், ஸ்டாக்ஹோம், ஒட்டாவா என்று பல ஊர்களிலிருந்து வந்தது. கொஞ்சம் பணமாக, கொஞ்சம் கோதுமை மூட்டையாக.

ஒரே இடத்திலிருந்து வரும் கூலி பாக்கியை வாங்குவதே எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். பத்து இடத்திலிருந்து, பத்து விதமாகக் கணக்குக் கேட்பவர்களிடமிருந்து வந்தால்? அந்தப் பத்துப் பேரையும் ஒரே ஒழுங்குக்குள் நடக்க வைத்ததுதான் எத்தியோப்பியா செய்த காரியம். அதில் எது பலித்தது, எது கவிழ்ந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நம் கிராமத்துக்கும் உதவி ஒரே வாசல் வழியாக வருவதில்லையே.

மாடு போனால் உழவு போச்சு

எத்தியோப்பியாவின் மேட்டு நிலங்களில் இன்றும் பெரும்பாலான உழவு மாட்டு ஏரில்தான் நடக்கிறது. ஒரு சோடி மாடு இருப்பவர் ஓரளவு வசதியானவர். ஒற்றை மாடு வைத்திருப்பவர் பக்கத்து வீட்டு ஒற்றை மாட்டோடு சேர்த்து ஏர் பூட்டி, இருவர் நிலத்தையும் மாற்றி மாற்றி உழுதுகொள்வார். விளைவது சோளம், மக்காச்சோளம், பார்லி, கோதுமை, பிறகு டெஃப். இந்த டெஃப் கேழ்வரகை விடவும் பொடியான தானியம். அதை அரைத்துப் புளிக்க வைத்துத்தான் நம் தோசை மாதிரி அகலமாக இன்ஜெரா சுடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் முக்கிய மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. நமக்குத் தென்மேற்குப் பருவமழை பெய்யும் அதே மாதங்கள்.

மழை பொய்த்தால் முதலில் ஆடு விற்கும். அப்புறம் மாடு விற்கும். மாடு போன வீட்டில் அடுத்த ஆண்டு மழை கொட்டினாலும் உழவு இல்லை. நிலத்தை வாரத்துக்கு விட்டுவிட்டு, தன் நிலத்தில் விளைந்ததில் பங்குக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பஞ்சம் ஓர் ஆண்டோடு முடிவதில்லை என்பதை மாடு விற்ற எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

1984-85 பஞ்சத்தில் அங்கே லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த உலகம் அள்ளிக் கொடுத்தது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் ஒரு சடங்கு நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் இத்தனை லட்சம் பேருக்கு உணவு இல்லை என்று அரசு கணக்கெடுக்கும். வெளிநாடுகளிடம் வேண்டுகோள் வைக்கும். ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய அளவு, தோன்றிய நேரத்தில், தனக்கு வேண்டிய நிறுவனம் வழியாகக் கொடுக்கும். எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை கிடையாது. அண்டை நாட்டுத் துறைமுகத்தில் இறக்கி, லாரியில் மலையேற்றி, தானியம் ஊர் சேரும்போது பல வீடுகளில் மாடு சந்தைக்குப் போய்விட்டிருக்கும். சோறு உயிரைக் காப்பாற்றியது, மறுக்க முடியாது. பண்ணையத்தைக் காப்பாற்றவில்லை.

2002-03 வறட்சியில் 1.3 கோடிப் பேருக்கு உணவு தேவைப்பட்டது. இதில் பலர் புதிதாகப் பசித்தவர்கள் அல்லர். நல்ல மழை பெய்த ஆண்டிலும் பல லட்சம் குடும்பங்களுக்கு அறுவடை வரை குதிரில் தானியம் இருப்பதில்லை. யார் பசிப்பார்கள், எந்த மாதத்தில் பசிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்கு ஆண்டுதோறும் அவசர வேண்டுகோள் எதற்கு? இந்தக் கேள்வியிலிருந்துதான் ‘உற்பத்தி சார்ந்த பாதுகாப்பு வலைத் திட்டம்’ பிறந்தது.

சாக்கு வேறு, படி ஒன்று

உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, ஸ்வீடன், ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம். பின்னால் நெதர்லாந்தும் டென்மார்க்கும் சேர்ந்துகொண்டன. இவர்கள் எல்லோரும் ஒரே திட்டத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது எளிதில் நடந்ததல்ல. பெரிய தகராறே பணமா தானியமா என்பதில்தான். பிரிட்டனும் ஐரோப்பியர்களும் பணமாகக் கொடுக்கலாம் என்றார்கள். எத்தியோப்பிய அரசின் விருப்பமும் அதுவே. அமெரிக்காவோ பெரும்பாலும் தன் நாட்டு விவசாயி விளைவித்த தானியத்தைத்தான் அனுப்பும். பி.எல். 480 என்ற சட்டம் அப்படி. பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? 1950, 60-களில் நம் ரேஷன் கடைகளுக்கு அமெரிக்கக் கோதுமை வந்ததும் இதே சட்டத்தின் கீழ்தான்.

இந்த இடத்தில் எத்தியோப்பியாவில் செய்த சமாதானம் கெட்டிக்காரத்தனமானது. எல்லோரும் ஒரே சாக்கில் போடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. சாக்கு வேறு வேறாக இருக்கட்டும், அளக்கும் படி ஒன்றாக இருக்க வேண்டும் என்றார்கள். பணம் கொடுத்தவர்களின் பணம் அரசுக் கருவூலம் வழியாகப் போனது. அமெரிக்கத் தானியம் கத்தோலிக்க நிவாரண சேவை, டிக்ரே நிவாரணச் சங்கம் போன்ற தொண்டு நிறுவனங்கள் வழியாக அவரவர் வட்டாரங்களுக்குப் போனது. ஆனால் யாருக்குக் கொடுப்பது, எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, யார் பட்டியலிடுவது, புகாரை யாரிடம் சொல்வது என எல்லாவற்றுக்கும் ஒரே விதிப் புத்தகம். அதன்படி ஓர் ஆளுக்கு மாதம் 5 நாள் வேலை, ஆண்டில் 6 மாதம். ஒரு நாளுக்கு 3 கிலோ தானியம், அல்லது அதற்கு ஈடான பணம். வீட்டில் 5 பேர் என்றால் மாதம் 75 கிலோ. உழைக்கத் தெம்புள்ளவர்கள் மற்றவர்களின் நாள்களையும் சேர்த்துச் செய்யலாம். முதியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி ஆகியோருக்கு வேலை செய்யாமலேயே உண்டு.

வேலை பெரும்பாலும் ஜனவரி முதல் ஜூன் வரை வைக்கப்பட்டது. அறுவடை முடிந்து, அடுத்த உழவு தொடங்கும் முன். நூறு நாள் வேலையை நடவு நேரத்தில் வைக்காதீர்கள் என்று நீங்கள் கிராம சபையில் கரடியாகக் கத்துவது நினைவுக்கு வருகிறதா? அங்கே அதை முதல் நாளே விதியில் எழுதிவிட்டார்கள்.

கொடுப்பவர்கள் தங்களுக்குள் ஒரு குழு வைத்துக்கொண்டு, தலைமையை முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அரசும் அவர்களும் சேர்ந்து ஒரே ஆய்வு. பத்து நிறுவனமும் பத்து முறை ஜீப்பில் வந்து பத்து விதமான படிவம் நீட்டுவது குறைந்தது.

கள அலுவலர்களாக இருக்கும் வாசகர்களுக்கு இதன் அருமை புரியும். எத்தியோப்பியாவில் கெபெலே என்பது நம் ஊராட்சி போன்ற அடிமட்ட நிர்வாக அலகு. ஒவ்வொரு கெபெலேக்கும் பயிர், கால்நடை, இயற்கை வளம் என்று மூன்று வளர்ச்சிப் பணியாளர்கள் என்பது அங்குள்ள ஏற்பாடு. நம் உதவி வேளாண்மை அலுவலரின் வேலைதான். வரப்பு எங்கே வர வேண்டும் என்று சமமட்டம் பார்ப்பதும் அவர்களே, வேலைக்கு வந்தவர் கணக்கை எழுதுவதும் அவர்களே. இவர்கள் கையில் பத்துப் பதிவேடு இருந்தால் வயலுக்குப் போக நேரம் ஏது?

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பணியாற்றியவர்கள் இதன் மறுபக்கத்தைப் பார்த்தவர்கள். பழைய துணி லாரி லாரியாக வந்து சாலையோரம் கொட்டிக் கிடந்தது. படகு கொடுக்கப் பலர் போட்டி போட்டார்கள். உப்பேறிய வயலைச் சீர்திருத்த அவ்வளவு ஆள் இல்லை. கடல் விவசாயிக்கும் அடித்தது என்பது உதவ வந்த பலருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பு மையம் வந்த பிறகுதான், யார் எந்த ஊரில் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரே இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. அந்த மையத்திடம் பெரும் பணம் இருக்கவில்லை. தகவல் இருந்தது.

மலையில் நின்ற தண்ணீர்

எத்தியோப்பியத் திட்டம் சுமார் 50 லட்சம் பேரோடு தொடங்கியது. சில ஆண்டுகளில் 70 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டும் கூலி உண்டு என்று தெரிந்ததால், மக்கள் அவசரத்துக்கு மாடு விற்பது குறைந்தது என்று ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். வேலையும் கண்ட இடத்தில் குழி வெட்டுவதாக இல்லாமல், நீர்வடிப்பகுதி வாரியாகத் திட்டமிடப்பட்டது. இதற்கான கையேட்டை அந்நாட்டு வேளாண் அமைச்சகம் அதே 2005-ல் வெளியிட்டது. முதலில் மேட்டில் கல் வரப்பும் அகழியும். குன்றில் சில ஆண்டுகள் மேய்ச்சலுக்குத் தடை, புல்லை அறுத்துத்தான் மாட்டுக்குப் போட வேண்டும். பிறகு சரிவில் ஓடைத் தடுப்பு. கடைசியில்தான் கீழே கிணறு. நம் நீர்வடிப்பகுதித் திட்டங்களில் ‘மேலிருந்து கீழ்’ என்று சொல்லிக் கொடுப்பது இதைத்தான். சொல்லிக் கொடுத்துவிட்டு, பார்வையாளர் கண்ணில் படுகிற மாதிரி சாலையோரத்தில் தடுப்பணை கட்டுவது நம் வழக்கம்.

டிக்ரே மாநிலத்தில் அப்ரெஹா வெ அட்ஸ்பெஹா என்று ஓர் ஊர். மண் போய், கிணறு வற்றி, ஊரையே காலி செய்து வேறிடம் போகலாமா என்ற பேச்சு வந்த இடம். ஊரே சேர்ந்து மலையைக் கட்டியது. மழைநீர் நின்று இறங்கி, கைக்கெட்டும் ஆழத்தில் கிணற்று நீர் வந்தது. 2012-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருதைப் பெற்றது இந்த ஊர். இந்தப் பெருமை முழுவதையும் வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. டிக்ரே மக்கள் கூலி இல்லாமலும் ஆண்டுக்குக் குறிப்பிட்ட நாள்கள் மண் காப்பு வேலைக்கு வரும் பழக்கம் உள்ளவர்கள். நம் குடிமராமத்து மாதிரி.

பெரிய சோதனை 2011-ல் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் மழையில்லை. பக்கத்து சோமாலியாவில் பஞ்சம் என்று ஐ.நா. அறிவித்தது. எத்தியோப்பியாவில் பட்டியலும் ஆளும் விதியும் ஏற்கெனவே தயாராக இருந்தன. இடருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நிதியைத் திறந்து, வழக்கமாகப் பெறுவோருக்குக் கூடுதல் மாதங்களும், புதிதாக 31 லட்சம் பேருக்கு மூன்று மாதமும் கொடுக்க முடிந்தது. புதிய வேண்டுகோள், புதிய கப்பல் என்று காத்திருக்கவில்லை. சோமாலியாவில் அப்போது நடந்தது உள்நாட்டுப் போர். இரண்டையும் சமமாக வைத்துப் பார்ப்பது நியாயமில்லை. ஆனாலும், பஞ்சம் வருவதற்கு முன் போட்ட குழாயில்தான் பஞ்சத்தில் தண்ணீர் ஓடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. கூலி தாமதம் தீராத நோய். ஜூனுக்குள் முடிய வேண்டிய பட்டுவாடா, விதைக்கும் நேரத்தையும் தாண்டிப் போனதுண்டு. 2005-ல் நாள் கூலி 6 பிர் என்று வைத்தார்கள். 2008-ல் உலகம் முழுவதும் தானிய விலை ஏறியபோது அதை 8 பிர் ஆக்கினார்கள். சந்தையில் 3 கிலோ வாங்க அது போதவில்லை. பணம் கேட்டவர்களே தானியம் கொடுங்கள் என்றார்கள். பணமா தானியமா என்று தலைநகரில் ஆண்டுக்கணக்கில் வாதாடியவர்கள், விலை ஏறினால் என்ன செய்வது என்று அந்த வாதத்துக்கு நடுவே யோசித்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை பட்டியலில் இருந்தது. பெயர்களை கெபெலே குழு தேர்ந்தெடுக்க வேண்டும், ஊர்க் கூட்டத்தில் வாசிக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம் என்று விதியில் உண்டு. ஆனால் ஆளும் கட்சிக்கு வேண்டாதவர்களின் பெயர் விடுபடுகிறது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2010-ல் ஓர் அறிக்கையில் குற்றம் சாட்டியது. கொடுக்கும் நாடுகள் பதில் சொல்லத் தடுமாறின. எல்லோரும் ஒரே குழாயில் ஊற்றும்போது, குழாயின் வாயில் யார் கை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய பொறுப்பும் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவான பொறுப்பு கடைசியில் யாருடையதும் இல்லாமல் போவதை நாம் பொதுக்கிணறு, பொது மோட்டார் விஷயத்தில் பார்த்திருக்கிறோம்.

சேர்ந்து நிறுத்தினார்கள்

2020 நவம்பர் முதல் இரண்டு ஆண்டுகள் டிக்ரேயில் போர். அது ஓய்ந்து மக்கள் மூச்சுவிடும் நேரத்தில், உதவித் தானியம் பெருமளவில் திருடப்பட்டுச் சந்தையில் விற்கப்படுவது தெரிய வந்தது. 2023 மே மாதம் அமெரிக்காவின் உதவி முகமையான யு.எஸ்.எய்டும் உலக உணவுத் திட்டமும் டிக்ரேயில் உணவு விநியோகத்தை நிறுத்தின. ஜூனில் நாடு முழுவதும் நிறுத்தின. முழு விநியோகம் மறுபடி தொடங்க அந்த ஆண்டின் கடைசி ஆயிற்று.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே என்ன காலம் என்று மேலே சொன்னேன். மழைக்காலம், உழவுக் காலம், குதிர் காலியாக இருக்கும் காலம். திருடியவர்கள் பட்டினி கிடக்கவில்லை. பட்டியலில் பெயர் இருந்தவர்கள்தான் கிடந்தார்கள்.

திருட்டைக் கண்டும் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. பத்து நிறுவனங்கள் சேர்ந்து கொடுப்பதற்கு விதிப் புத்தகம் எழுதினார்கள். சேர்ந்து நிறுத்துவதற்கு ஏன் எழுதவில்லை? ஓர் ஊரில் திருட்டு என்றால் அந்த ஊர்க் கிடங்கை மட்டும் மூடுவதா, நாட்டையே மூடுவதா? மூடும் நாளில் ஊரில் எத்தனை வார இருப்பு இருக்க வேண்டும்? யாருக்கு முன்னறிவிப்பு? ஒருங்கிணைப்பு என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களில் இது பேசப்பட வேண்டிய முதல் விஷயம் என்பது என் கருத்து. தனித்தனியாகக் கொடுத்த காலத்தில் ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் இருந்தார். ஒன்றாகச் சேர்ந்த பிறகு, பெரியவர் இருவர் கைவிரித்தால் மீதி யாராலும் ஈடுகட்ட முடிவதில்லை.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 1965, 66-ல் அடுத்தடுத்து வறட்சி. அப்போதைய அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமையை ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றைப் பிடித்து விட்டார். அடுத்த கப்பல் வருமா என்று டெல்லி காத்திருந்தது. அந்த நெருக்கடியில்தான் உணவு, வேளாண் அமைச்சராக இருந்த நம் சி.சுப்பிரமணியம் 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்கினார். பசுமைப் புரட்சியின் பின்விளைவுகள் பற்றி இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலருக்கு வலுவான கருத்துகள் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அடுத்தவர் கயிற்றைப் பிடித்திருக்கும்போது ஒரு நாடு என்ன பாடுபடும் என்பது அந்த இரண்டு ஆண்டுகளில் தெரிந்தது.

எத்தியோப்பியாவுக்கு அந்த நிலை இப்போது இன்னும் கடுமை. யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1 முதல் தனி முகமையாக இல்லை. மிச்சம் இருந்த வேலைகள் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் போயின. பிரிட்டனும் உதவி நிதியைக் குறைத்துக்கொண்டு வருகிறது. கொடுப்பவர் குறையக் குறைய, இருப்பவர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய தேவை கூடும். ஆனால் ஆள் குறையும்போது ஒவ்வொருவரும் தன் கொடி தெரிகிற மாதிரி தனித் திட்டம் வைத்துக்கொள்ளும் ஆசையும் கூடும்.

அங்கும் இங்கும் உள்ள ஒரு வேறுபாட்டை இங்கே சொல்ல வேண்டும். 2005 சட்டம் நமக்கு வேலை கேட்கும் உரிமையைக் கொடுத்தது. சமூகத் தணிக்கையையும் சட்டத்திலேயே வைத்தது. கிராம சபையில் கணக்கை வாசிக்கச் சொல்லி நீங்கள் எழுந்து நிற்கலாம். பல ஊர்களில் அது பெயரளவுக்கு நடக்கிறது என்பது வேறு விஷயம். எத்தியோப்பிய விவசாயிக்கு அப்படிச் சட்டத்தைக் காட்டிக் கேட்க வழியில்லை. அவருடைய கூலி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களில் தொங்குகிறது. அவர் மேல்முறையீட்டுக் குழுவிடம் தன் பெயர் விடுபட்டதைச் சொல்லலாம். கப்பல் நின்றதை யாரிடம் சொல்வார்?

கொடுப்பவர்களின் ஆய்வுக் கூட்டத்தில் கெபெலேயின் மேல்முறையீட்டுக் குழுவிலிருந்து சிலருக்கு நாற்காலி போடலாம். கிடங்குக்கு வந்த மூட்டை, போன மூட்டை இரண்டையும் ஊர்ச் சுவரில் எழுதலாம். திருட்டு நடந்த ஊரைச் சுவரே காட்டிக் கொடுக்கும்; நாடு முழுவதையும் தண்டிக்க வேண்டியிருக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால், யார் எப்போது கைவிரித்தாலும் உழவு முடியும் வரை தாங்குகிற இருப்பு ஊர்க் கிடங்கிலேயே இருக்க வேண்டும். திட்டத்தின் சொந்தக் கணக்குப்படியே பார்த்தால், ஓர் ஆளுக்கு மாதம் 15 கிலோ. மூன்று மாதத்துக்கு 45 கிலோ. ஒரு சாக்குக்கும் குறைவு.